விளக்கை ஆட்டியவன் பெயர் எங்கே?



ஆறு வாரமாக நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை. மகள் வீட்டுக்கு, பிரான்சுக்குப் போயிருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, விசாரித்தவர்களுக்கு நன்றி. ஆனால் திரும்பி வரும்போது கோபத்தோடு வந்தேன். எழுபதைத் தாண்டியவனுக்குக் கோபம் ஆகாது, பிரஷர் ஏறும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எழுதிக் கொட்டாவிட்டால்தான் ஏறும் போலிருக்கிறது.

நடந்தது இதுதான். பேரன் என்னை ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனான். 1960-களின் இரவு விடுதிகள், ராக் இசை, அந்தக் காலத்துப் போஸ்டர்கள், உடைகள். "உங்க காலத்து சமாச்சாரம் தாத்தா" என்றான். ஒரு கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் பழைய புரொஜெக்டர் ஒன்று. அதன் வாய்க்கு முன்னால் இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே வண்ண எண்ணெய் அடைத்த சக்கரம். பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. முகத்தில் மூன்று குமிழ்கள். ஒயரை அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். பேழைக்கு மேலே பெரிய திரையில் கணினியில் செய்த வண்ணக் குழம்பு ஒன்று திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

விளக்க அட்டையைப் படித்தேன். எல்.எஸ்.டி. மருந்து தந்த காட்சிகளைத் திரையில் காட்டிய கலை என்று நாலு வரி. தகரப் பெட்டிக்கு ஒரே வரி: "கட்டுப்பாட்டுக் கருவி, சுமார் 1970". யார் செய்தது, எப்படி ஓடியது, எவன் கை அந்தக் குமிழைத் திருகியது, ஒன்றுமில்லை. அங்கே நின்ற காவலரிடம் "இது ஓடுமா முசியே?" என்று கேட்டேன். பெட்டி வேலை செய்யாது, மேலே ஓடும் படம்தான் பார்ப்பதற்கு என்று மரியாதையாகச் சொன்னார்.

நான் 36 வருஷம் கிளார்க்காக இருந்தவன். ஒரு கோப்பில் பத்துப் பக்கம் குறிப்பு எழுதுவது கிளார்க். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அதிகாரி. அரசாணை வரும்போது அதிகாரி பெயர் இருக்கும், கிளார்க் பெயர் இருக்காது. அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் எழுதியது அதிகாரியும் இல்லை, அவர் குடித்த காபிதான் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கண்காட்சி சொன்னது அதைத்தான். விளக்கை ஆட்டியவனுக்குப் பெயர் இல்லை, அவன் செய்த பெட்டிக்கு உயிர் இல்லை, பெருமை எல்லாம் மருந்துக்கு. இந்த இரண்டு அநியாயத்தையும் எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். அதில் ஒன்றை நானே செய்தவன்.

1974. வேலைக்குச் சேர்ந்த புதிது. நம் ஊரில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஒரு சொல்தா மாமா உண்டு. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். அவருக்கு பிரான்சிலிருந்து வரும் சாமான்களோடு "லெ ஓ-பார்லேர்" என்ற பத்திரிகையின் பழைய இதழ்கள் வரும். ஒலிபெருக்கி என்று அர்த்தம். 1925-லிருந்து வந்த ரேடியோ பத்திரிகை. லிசேயில் படித்த பிரெஞ்சு எனக்கு ஆபீசில் பெரிதாக உதவவில்லை, இந்தப் பத்திரிகை படிக்க உதவியது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிரெஞ்சுப் பத்திரிகைகளில் "மொதுலத்தேர் த லுமியேர்" என்ற சமாச்சாரம் அடிக்கடி வரும். பாட்டுக்கேற்ப விளக்கு ஏறி இறங்க வைக்கும் பெட்டி. அங்கே டிஸ்கோ நடத்துகிறவர்களும் வாங்கினார்கள், வீட்டில் பையன்களும் செய்து பார்த்தார்கள்.

அதன் உள்ளே பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் கொஞ்சம் கிள்ளி எடுக்க வேண்டும். அதை மூன்று வழியாகப் பிரிக்க வேண்டும். ரெசிஸ்டரும் கண்டென்சரும் சேர்ந்தால் வடிகட்டி. ஒரு வடிகட்டி தாழ்ந்த ஒலியை மட்டும் விடும், ஒன்று நடுவிலிருப்பதை, ஒன்று கீச்சுக் குரலை. ஒவ்வொரு வழிக்கும் ஒரு தைரிஸ்டர். இது ஒரு கதவு மாதிரி. சின்ன மின்சாரம் வந்து தட்டினால் பெரிய மின்சாரத்துக்குத் திறக்கும். ஒரு தடவை திறந்தால், மெயின் அலை பூஜ்ஜியத்துக்கு இறங்கும் வரை மூடாது. நம் ஊர்க் கரண்டு நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 அரை அலை. ஒவ்வொரு அரை அலையிலும் கதவு சீக்கிரம் திறந்தால் விளக்கு பளிச்சென்று எரியும், தாமதமாகத் திறந்தால் மங்கலாக எரியும். முன்பக்கக் குமிழைத் திருகினால் எவ்வளவு ஒலிக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது மாறும். அவ்வளவுதான்.

சென்னை ரிச்சி தெருவில் போய் சாமான் வாங்கினேன். ஒரு நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். பத்திரிகையில், ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அவசியம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தான். மெயின் கரண்டு ஆம்பிளிஃபயருக்குள் ஏறாமல் பிரித்து வைக்க அது. காசு மிச்சம் பிடிக்க நான் அதை விட்டுவிட்டேன். மைக் செட்காரர் ஆம்பிளிஃபயரின் தகர உடம்பைத் தொட்டார். தூக்கி எறிந்தது. நல்லவேளை, காலில் செருப்பு இருந்தது. எழுந்து வந்து என்னைத் திட்டவில்லை. "தம்பி, பாட்டு கேக்கணும்னா மொதல்ல உசுரு இருக்கணும்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

மறு மாதம் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டு, வீட்டில் நாகஸ்வர இசைத்தட்டு வைத்தேன். தவிலின் தொப்பிப் பக்கம் விழும்போது சிவப்பு எழுந்தது. வலந்தலை நீலத்தைத் தெறிக்கவிட்டது. நாகஸ்வரம் மஞ்சளை இழுத்துக்கொண்டே போனது. என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தார். அவருக்கு சைக்கடெலிக் தெரியாது, எல்.எஸ்.டி. தெரியாது. "விளக்கு பாட்டு கேக்குதுடா" என்றார்.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பெரிய கண்காட்சியில் பட்டம் படித்தவர்கள் எழுதிய அட்டையில் அந்த ஒரு வரி இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன். ஒலியை வண்ணமாக்கும் ஆசை ஹிப்பிகளோடு பிறந்ததல்ல. 1725-லேயே லூயி பெர்த்ரான் கஸ்தெல் என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், கட்டையை அழுத்தினால் வண்ணம் தெரியும் வாத்தியம் ஒன்றை யோசித்தார். கண்ணுக்கான வீணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1922-ல் நியூயார்க்கில் டென்மார்க்கில் பிறந்த தாமஸ் வில்ஃப்ரெட், கிளாவிலக்ஸ் என்று தான் பெயர் வைத்த கருவியில் சத்தமே இல்லாமல் ஒளியை மட்டும் வாசித்துக் காட்டினார். வெறும் விளக்கு, கண்ணாடி, மோட்டார், கைப்பிடிகள்.

1952-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சீமோர் லாக்ஸ் என்ற கலைப் பேராசிரியர், வகுப்பறை ஓவர்ஹெட் புரொஜெக்டர் மேல் கண்ணாடிப் பாத்திரம் வைத்து, அதில் சாயம் கலந்து ஆட்டிச் சுவரில் காட்டினார். 1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி தைரிஸ்டரை அறிவித்தது. அதற்கு முன்னால் ஒரு பெரிய விளக்கை மங்கவைக்க வேண்டுமானால் சூடேறும் பெரிய ரெசிஸ்டர்களோ கனமான டிரான்ஸ்ஃபார்மர்களோ வேண்டும், நாடக அரங்கத்தில்தான் அது கட்டுப்படியாகும். தைரிஸ்டர் வந்தபின் அதே வேலை கையில் தூக்கிப்போகும் பெட்டிக்குள் வந்தது. ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்த கூடத்திலும் ஒளியை ஆட்டலாம் என்று ஆனது.

1965-ல் நெவாடா மாநிலத்து வர்ஜீனியா சிட்டியில் ரெட் டாக் சலூன் என்ற விடுதியில் பில் ஹாம் என்ற ஓவியர் தன் ஒளிப்பெட்டியை வைத்தார். 1966 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில் டிரிப்ஸ் ஃபெஸ்டிவல் மூன்று நாள் நடந்தது. அங்கே டான் புக்லா தன் மின்னணு இசைப்பெட்டியோடு இருந்தார். அந்தப் பெட்டியில் ஒரு மின்னழுத்தம் ஏறி இறங்கினால் சுருதி ஏறி இறங்கும். ஒலியை ஆளும் அழுத்தத்துக்கு விளக்கை ஆளவும் தெரியும் என்பது அந்தக் காலத்துக்காரர்களுக்குப் புரிந்துபோன விஷயம்.

அதே 1966 டிசம்பர் 23-ஆம் தேதி லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் ஒரு அடித்தளத்தில் யு.எஃப்.ஓ. கிளப் திறந்தது. அங்கே மார்க் பாயிலும் ஜோன் ஹில்ஸும் துத்தநாகத்தை அமிலம் தின்பதையே புரொஜெக்டரில் காட்டினார்கள். நாம் லிசேயில் சோதனைக் குழாயில் பார்த்தோமே, அதே வினைதான். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் விளக்குகள் என்ன தெரியுமா? அவர்களுடைய மேலாளர்கள் பலகையில் வீட்டு ஸ்பாட்லைட்டுகளைப் பொருத்தி, முன்னால் வண்ணப் பிளாஸ்டிக் ஒட்டி, சுவரில் இருக்குமே, அதே சுவிட்சால் போட்டு அணைத்தது. பிறகு பீட்டர் வின்-வில்சன் என்ற இளைஞர் வந்து, இழுத்துப் பிடித்த ரப்பரைப் போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, அதில் எழும் வண்ணங்களைத் திரையில் விட்டார். அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரர் மைக் லெனர்ட் ஒரு கட்டடக் கலைஞர். மோட்டாரில் சுற்றும் தகடுகளை விளக்குக்கு முன்னால் வைத்து ஒளி இயந்திரங்கள் செய்தவர்.

அதே வருஷம் பிரான்சின் சேன் த்ரோப்பேயில் வூம் வூம் என்ற இரவு விடுதிக்கு ஒளி அமைத்தவர் நிக்கோலா ஷோஃபர். ஹங்கேரியில் பிறந்த சிற்பி. 1956-லேயே ஒலிக்கும் ஒளிக்கும் பதில் சொல்லி நகரும் சிற்பம் செய்தவர். அதற்கு மைக்கும் ஃபோட்டோ செல்லும்தான் காதும் கண்ணும்.

இதையெல்லாம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது என் நண்பர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அவரிடம் சொன்னேன். "ஏன் சார், கஞ்சா அடிச்சவன் ஆடின ஆட்டத்துக்கு நீங்க வக்கீலா?" என்றார். நம்மில் பலபேர் நினைப்பதும் அதுதான். அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

அங்கே மருந்து இருந்தது. நான் மறைக்கவில்லை. சைக்கடெலிக் என்ற சொல்லையே 1957-ல் ஊருக்குச் சொன்னவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், அந்த மருந்துகளைப் பற்றிப் பேசும்போதுதான். மனத்தை வெளிக்காட்டுவது என்று கிரேக்கத்தில் பொருள். மருந்தால் கெட்ட வீடுகளும் உண்டு. ஆனால் ஆடியவர்கள் சாப்பிட்டார்கள் என்பதால் விளக்கை மருந்து இயக்கியது என்று ஆகிவிடாது. கல்யாண வீட்டில் பாதிப் பேர் குடித்திருந்தாலும் சமையல்காரர் அளவு பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும். இரண்டு புரொஜெக்டரை ஒன்று ஏற ஒன்று இறங்கச் செய்பவன், சூடான விளக்கில் சாயம் கொதித்துக் கருகுவதற்குள் கண்ணாடியை மாற்றுபவன், மெயின் கரண்டுக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு நிற்பவன், அவனுக்குப் புத்தி இடத்தில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டுத் தெளிந்த புத்தியோடு போன எனக்கே அந்தக் கதி!

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1958 டிசம்பரில் பிரான்சின் தெற்கே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ப்ரையன் கைசின் என்ற ஓவியர் கண்ணை மூடியிருந்தார். சாலையோர மரங்களின் ஊடாக வெயில் விட்டுவிட்டு அடித்தது. மூடிய கண்ணுக்குள் வண்ணக் கோலங்கள் பொங்கின. காரணம் தேடியபோது, விட்டுவிட்டு அடிக்கும் ஒளி மூளையை என்ன செய்கிறது என்று பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற விஞ்ஞானி ஏற்கெனவே ஆராய்ந்து எழுதியிருந்தது தெரிந்தது. கைசினும் இயன் சோமர்வில் என்ற இளைஞரும் பாரீசில் ஒரு கருவி செய்தார்கள். 78 சுற்று கிராமபோன் தட்டு, அதன் மேல் ஓட்டை போட்ட அட்டை உருளை, உள்ளே தொங்கும் ஒரு பல்பு. ஒளி நொடிக்கு 8 முதல் 13 தடவை கண்ணிமை மேல் அடிக்கும். 1961-ல் பிரான்சில் காப்புரிமையும் வாங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய கருவி. ஒரு மாத்திரை வேண்டாம். (வலிப்பு உள்ளவர்கள் இந்த மாதிரி ஒளிக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது, யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) ஆக, மருந்து தந்ததாகச் சொல்லும் கோலங்களில் ஒரு பங்கை ஒரு பல்பும் கிராமபோனும் தந்தன. அட்டையில் அதை எழுதினால் என்ன குறைந்துபோகும்?

தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் விளக்குக் கலைஞர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். லைட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட் என்று பெயர். இசைக்குழுக்களுக்குக் கிடைக்கும் பணத்துக்குப் பக்கத்தில் தங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, ஆனால் அவர்கள் வாங்கும் வண்ணம், விளக்கு, புரொஜெக்டர் எல்லாம் கைக்காசு என்பது அவர்கள் குறை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி கடலோரத்தில் இருந்த ஃபேமிலி டாக் அரங்கத்துக்கு முன்னால் மறியல் செய்தார்கள். அன்றைக்கு அங்கே வாசிக்க வேண்டியது கிரேட்ஃபுல் டெட் குழு. அதன் ஜெர்ரி கார்சியா மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தார். ஆனாலும் போராட்டம் தோற்றது. கச்சேரி நடத்துகிறவர்கள் சொன்ன நியாயம் இது: ஜனங்கள் இசைக்காக டிக்கெட் வாங்குகிறார்கள், விளக்குக்காக அல்ல.

நானும் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தவன். சம்பளம் பிடித்தார்கள், அது வேறு கதை. நீங்கள் இல்லாமலும் ஆபீஸ் நடக்கும் என்று எங்களிடமும் சொன்னார்கள். அந்த வாக்கியம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நியூயார்க்கில் 1968 மார்ச்சில் திறந்த ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தில் ஜோஷுவா லைட் ஷோ என்று குழுவின் பெயர் விளம்பரத்திலேயே வந்தது. ஜோஷுவா வைட்டும் கூட இருந்தவர்களும் திரைக்குப் பின்னால் நின்று, பாட்டைக் கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு இரவும் புதிதாக ஒளியை வாசித்தார்கள். 1971 ஜூனில் அந்த அரங்கமும் மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இதில் பெரிய சோகம். ஆளின் கைக்கு உதவ வந்த பெட்டி, ஆளையே வெளியே தள்ளியது. 1970-களில் இங்கிலாந்தின் ஆப்டிகினெடிக்ஸ், பல்சார் மாதிரிக் கம்பெனிகள் நல்ல தரமான புரொஜெக்டர்களும் ஒளிப் பெட்டிகளும் செய்து விற்றன. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் டிஸ்கோ முதலாளிக்குக் கணக்கு சுலபமானது. ஒரு தடவை பெட்டி வாங்கினால் போதும், அது சம்பளம் கேட்காது, மறியல் செய்யாது. பெட்டிக்கு ஒலி தெரியும், ஆனால் பாட்டு தெரியாது. எந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கணினி வந்தபோது எங்கள் பிரிவிலும் இதைப் பார்த்தேன். கடிதம் அச்சாகும். எந்தக் கடிதத்தை இன்றைக்கு அனுப்பக்கூடாது என்று சொல்ல ஆள் இருக்காது.

"அப்படியானால் ஆளை வெளியேற்றிய பெட்டிக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறீர்?" என்று கேட்பீர்கள். ஏனென்றால் அந்த ஆளின் கைரேகை மிஞ்சியிருப்பது பெட்டியில் மட்டும்தான். அவன் காட்டிய ஒளி அந்த இரவோடு போனது. போஸ்டரில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். சினிமாப் படம் எடுத்தவன் கேமராவைப் பாடகர் முகத்தில் வைத்தான், பின்னால் இருந்த ஒளியில் கால்வாசிதான் படத்தில் விழுந்தது. பெட்டியில் மட்டும் அவன் குமிழுக்குப் பக்கத்தில் போட்ட பென்சில் கோடு இருக்கும். இரண்டாவது வடிகட்டியில் கண்டென்சரை மாற்றி ஒட்டியிருப்பான், அந்த ஊர் டிரம்மருக்கு ஏற்ற மாதிரி. அதுதான் அவன் எழுதிய குறிப்பு. பெட்டியை ஓட்டாமல் படத்தை மட்டும் காட்டுவது, கோப்பின் உறையை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் தாளை எரிப்பதற்குச் சமம்.

கணினியில் செய்தால் என்ன குறை என்று என் பேரனும் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கணினி பாதுகாப்பானது, மலிவு, ஷாக் அடிக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய விளக்கில் ஒரு கம்பி எரிந்தது. கரண்டு நின்றாலும் கம்பி உடனே குளிராது, பெரிய விளக்கென்றால் இன்னும் மெதுவாக ஆறும், ஆறும்போது வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி அடங்கும். தவில் அடித்து நின்ற பிறகும் அதன் சூடு கொஞ்ச நேரம் கண்ணில் இருக்கும். எல்.இ.டி. டக்கென்று எரிந்து டக்கென்று அணையும். இது பெரிய தத்துவம் இல்லை, பௌதிகம். பார்த்தவனுக்கு வித்தியாசம் தெரியும். பார்க்காதவனுக்குக் காட்டத்தானே கண்காட்சி? ஐரோப்பாவில் 2009-லிருந்து கம்பி பல்புகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். கோடாக் கம்பெனி 2004-லேயே ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை நிறுத்தியது. வைத்திருப்பதை இப்போது ஓட்டிக் காட்டாவிட்டால் பிறகு எப்போது? போலியை வைத்தால், இது போலி என்று அட்டையில் எழுதட்டும். நகைக்கடைக்காரன்கூட கவரிங் நகையைக் கவரிங் என்று சொல்லித்தான் விற்கிறான்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. நான் சொன்னேனே, வில்ஃப்ரெட், அவருடைய ஒளிப் பெட்டிகளைப் பழுது பார்த்து 2017-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் ஓடவிட்டார்கள். ஷோஃபர் 1961-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் 52 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய ஒளிக் கோபுரம் பல வருஷம் இயங்காமல் நின்றது. அதையும் சீர்செய்து 2016-ல் மறுபடி இயக்கினார்கள். கலைக்கூடத்தில் மாட்டியதற்கு அந்த மரியாதை கிடைக்கிறது. அடித்தளத்தில் வியர்வைக் கூட்டத்துக்கு நடுவே ஓடிய தகரப் பெட்டிக்கு ஏன் கிடைக்கக்கூடாது? உள்ளே காய்ந்துபோன கண்டென்சரை மாற்ற வேண்டும், கரகரக்கும் குமிழைத் துடைக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்க வேண்டும். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரும் சில நாட்களும் போதும். நாளைக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். பக்கத்தில் ஒரு சர்க்யூட் படமும், யார் செய்தது என்று தெரிந்தால் பெயரும், தெரியாவிட்டால் பெயர் தெரியவில்லை என்ற வரியும். அந்த ஒரு வரியே மரியாதைதான். இந்த இடத்தில் ஒரு மனிதன் இருந்தான் என்று அது ஒத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதி அந்தக் கண்காட்சிக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கோபம் தெரியாமல், ஆபீஸ் நடையில். பதில் வந்தால் எழுதுகிறேன். நினைவூட்டுக் கடிதம் எழுதுவதில் எனக்கு 36 வருஷ அனுபவம் இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரான்சுக்காரனைத் திட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்து பரணில் ஏறித் தேடினேன். 1974-ல் செய்த என் பெட்டி இல்லை. வீடு வெள்ளையடித்தபோது பழைய சாமான்களோடு காயலான் கடைக்குப் போய்விட்டதாம். போட்டது வேறு யாரும் இல்லை, நானேதான். மறந்தே போயிருந்தேன். பேரன் கேட்ட கேள்விக்குக் கையில் வைத்துக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

ஆகையால், உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆம்பிளிஃபயர், ஸ்லைடு புரொஜெக்டர், யாரோ கையால் செய்த குமிழ் வைத்த பெட்டி ஏதாவது இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். முதலில் அதன் பின்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, செய்தவர் பெயரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். பிளக்கை மட்டும் நீங்களே சொருகிப் பார்க்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த மைக் செட்காரர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.